ஆபிரகாம் வீட்டுப் பங்காளிச் சண்டையா?

"இது ஆபிரகாம் வீட்டுப் பங்காளிச் சண்டை. ஈசாக்கின் பிள்ளைகளுக்கும் இஸ்மவேலின் பிள்ளைகளுக்கும் நாலாயிரம் வருஷமாக நடக்கிறது. கர்த்தர் வந்தால்தான் தீரும்." குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்கிறவர்களுக்கு இது பழக்கமான பேச்சு. சபைப் பக்கமே போகாதவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், ஆபிரகாமை மட்டும் விட்டுவிட்டு. தொலைக்காட்சி விவாதத்தில் அது "காலங்காலமான மதப்பகை" ஆகிறது. கடற்கரை ரயிலில் காஸா காட்சியைச் செல்போனில் பார்த்துக்கொண்டு வருகிறவர், "அவங்களுக்குள்ள என்னைக்கும் இப்படித்தான்" என்று அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுகிறார். யூதருக்கும் அரபியருக்கும் இருப்பது பிறவிப் பகை என்பதில் பக்தருக்கும் பகுத்தறிவாளருக்கும் இங்கே கருத்து வேறுபாடே இல்லை.

இந்தக் கருத்து தவறு. அதோடு, அது குற்றவாளிகளைக் காப்பாற்றுகிற கருத்து. நாலாயிரம் வருஷப் பகைக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. 1905இல் போட்ட சட்டத்துக்கும் 1917இல் கொடுத்த வாக்குறுதிக்கும் 1938இல் சாத்திய கதவுகளுக்கும் பொறுப்பாளிகள் உண்டு. பெயர், பதவி, தேதி எல்லாம் உண்டு. அந்தத் தடத்தில் கொஞ்ச தூரம் நம் சென்னை வழியாக, அடையாறு வழியாக, தாம்பரம் வழியாகவே போகிறது. அதனால்தான் இதை இங்கே உட்கார்ந்து மறுக்கத் தோன்றுகிறது.

முதலில் ஓர் எளிய கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூதர்கள் யாரிடமிருந்து தப்பி ஓடினார்கள்? இஸ்மவேலின் பிள்ளைகளிடமிருந்து அல்ல. ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடினார்கள். 1881இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும் பழி யூதர்கள்மீது விழுந்தது. ஊர் ஊராகக் கொள்ளையும் கொலையும் நடந்தன. 1903 ஏப்ரலில் கிஷினேவ் நகரில் ஈஸ்டர் பண்டிகையின்போது 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள். கிறிஸ்தவக் குழந்தையின் ரத்தத்தை யூதர்கள் சடங்குக்கு எடுக்கிறார்கள் என்ற பொய்தான் அந்தக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டது. அது இடைக்கால ஐரோப்பாவில் பிறந்த பொய். 1840இல் டமாஸ்கஸில் அதே பொய் தலைதூக்கியபோதுகூட அதைக் கிளப்பியது ஒரு கப்புச்சின் துறவி காணாமல்போன விவகாரம். அதை ஊதிப் பெரிதாக்கியதில் பிரெஞ்சுத் துணைத்தூதருக்குப் பெரிய பங்கு. அந்தப் பொய்யை மறுத்து யூதர்களுக்குப் பாதுகாப்பு ஆணை பிறப்பித்தவர் ஒரு முஸ்லிம் சுல்தான்.

1881க்கும் முதல் உலகப்போருக்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அதோடு ஒப்பிட்டால் பாலஸ்தீனத்துக்குப் போனவர்கள் மிகச் சிலர்தான். எங்கே பிழைக்க முடியுமோ அங்கே போனார்கள், நம் ஆட்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனதைப் போல. தனி நாடு வேண்டுமா என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இருந்ததே இல்லை. 1897 ஆகஸ்டில் பாசல் நகரில், தனி நாடு கேட்ட ஹெர்சல் முதல் சியோனிய மாநாட்டைக் கூட்டினார். அதே ஆண்டு வில்னா நகரில் யூதத் தொழிலாளர்கள் 'புந்த்' கட்சியைத் தொடங்கினார்கள். பிறந்த மண்ணிலேயே உரிமை வாங்குவோம், ஓடமாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. 1903இல் பிரிட்டன் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தருவதாகச் சொன்னபோது, அதை வாங்கலாமா கூடாதா என்று சியோனிய மாநாடே இரண்டாகப் பிளந்தது. இத்தனை சத்தமான விவாதத்தை நடத்திய ஒரு சமூகத்தை, நாலாயிரம் வருஷமாக ஒரே நிலத்துக்காக ஒரே குரலில் அடம்பிடிக்கும் கூட்டமாகச் சித்திரிப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அவமரியாதை.

இனி 1905. லண்டன் கிழக்குப் பகுதியில் ரஷ்ய யூதர்கள் குவிகிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. குடியேற்றத்தைத் தடுக்க அயலார் சட்டம் வந்தது. அப்போது பிரதமர் ஆர்தர் பால்ஃபர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் என்று வாக்குறுதிக் கடிதத்தில் கையெழுத்திட்ட அதே பால்ஃபர். தன் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களை உள்ளே விடச் சம்மதிக்காதவர், அடுத்தவர் வீட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். 1917 நவம்பர் 2 கடிதத்தை ஆபிரகாமுக்குத் தேவன் கொடுத்த வாக்குத்தத்தத்தின் நிறைவேற்றமாகப் பிரசங்கிக்கிறவர்கள் 1905ஐ ஒருமுறையாவது பிரசங்கத்தில் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்த ஒரு பெயர் வருகிறது. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம், இரட்டையாட்சி, 1920 தேர்தல், நீதிக்கட்சி அமைச்சரவை. அந்த எட்வின் மாண்டேகு ஒரு யூதர் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லி நான் பார்த்ததில்லை. 1917இல் இந்தியா மந்திரியாக இருந்த அவர், ஆகஸ்ட் 20 அன்று இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்ற புகழ்பெற்ற அறிவிப்பை நாடாளுமன்றத்தில் செய்தார். மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 23 தேதியிட்டு, தன் அமைச்சரவைச் சகாக்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். தாம் அங்கம் வகிக்கும் அரசின் கொள்கையே யூத வெறுப்பில் போய் முடியும் என்று தலைப்பிலேயே குற்றம்சாட்டிய குறிப்பு அது.

அதில் அவர் வாதம் இப்படிப் போகிறது. யூதர்கள் தனித் தேசிய இனம் என்று அரசே அறிவித்தால், பிரிட்டனிலும் பிரான்ஸிலும் வேரூன்றிய யூதர்கள் சொந்த நாட்டிலேயே அந்நியர் ஆவார்கள். உங்களுக்குத்தான் வேறு தாயகம் இருக்கிறதே, கிளம்புங்கள் என்று ஒவ்வொரு நாடும் அவர்களைத் தள்ளப் பார்க்கும். பாலஸ்தீனத்தில் இருக்கிறவர்களோ விரட்டப்படுவார்கள். தாம் பிறந்த லண்டன்தான் தமக்கு ஊர், வேதத்தில் வரும் ஊரல்ல என்பதே அவர் நிலை. நூறாண்டு கழித்து வாசிக்கும்போது மனம் பதறுகிறது, அவர் அஞ்சியதில் பாதிக்குமேல் நடந்துவிட்டது.

அமைச்சரவையில் மாண்டேகு தோற்றார். ஆனால் அவர் போராட்டத்தின் தழும்பு பால்ஃபர் கடிதத்திலேயே இருக்கிறது: பாலஸ்தீனத்திலுள்ள யூதரல்லாதாரின் சிவில், மத உரிமைகளுக்கும் பிற நாடுகளில் வாழும் யூதர்களின் உரிமைகளுக்கும் பங்கம் வரக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள். கடிதத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அவர் இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். டிசம்பரில் சென்னை வந்து, அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல்காரர்களையும் பிராமணரல்லாதார் இயக்கத்தாரையும் சந்தித்து, யாருக்கு எத்தனை இடம், எந்தச் சமூகத்துக்கு எந்தப் பிரதிநிதித்துவம் என்ற வாதங்களைக் கேட்டார். ஒரு சமூகத்தின் உரிமையை அதன் சொந்த நாட்டிலேயே எப்படிக் காப்பது என்ற கேள்வியோடுதான் சென்னை அவரிடம் போனது. அவர் மனத்திலும் அதே கேள்வி ஆறாத புண்ணாக இருந்த மாதங்கள் அவை.

எதிர்ப்பக்கம் நின்றவர் யார்? 1915இலேயே பாலஸ்தீனத்தைப் பிரிட்டன் எடுத்துக்கொண்டு யூதர்களைக் குடியேற்ற வேண்டும் என்று அமைச்சரவைக்குக் குறிப்பு எழுதியவர், 1920இல் பாலஸ்தீனத்தின் முதல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஆனவர், ஹெர்பர்ட் சாமுவேல். மாண்டேகுவின் தகப்பனாரும் சாமுவேலின் தகப்பனாரும் உடன்பிறந்தவர்கள். தமிழ் முறையில் சொன்னால் அண்ணன் தம்பி பிள்ளைகள், பங்காளிகள். பங்காளிச் சண்டைதான் வேண்டுமென்றால் அது லண்டனில், ஒரே யூதக் குடும்பத்துக்குள், இஸ்மவேலின் வாரிசுகள் யாரும் அழைக்கப்படாத ஓர் அறையில் நடந்தது.

மாண்டேகு அஞ்சிய வெறுப்பு அவரையும் விடவில்லை. 1920 ஜூலை 8 அன்று ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காக டயரை அவர் நாடாளுமன்றத்தில் கண்டித்துப் பேசியபோது கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆங்கிலேய அதிகாரியைக் குற்றம்சொல்ல ஒரு யூதனா என்பதே அந்தக் கொதிப்பின் அடிநாதம். அமிர்தசரஸில் செத்தவர்களுக்காகப் பேசியதற்கு அவர் கொடுத்த விலை இது.

இந்தக் கட்டத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். அப்படியானால் 1929 ஹெப்ரோன்? ஆகஸ்ட் மாதம் அந்த ஊரில் 67 யூதர்களை அரபுக் கும்பல் வெட்டிக் கொன்றது. செத்தவர்கள் பலர் அரசியலே அறியாத வேதமாணவர்கள். 1941 ஜூனில் பாக்தாதில் நடந்த கொலைகள்? இவற்றை மறைக்கவும் கூடாது, மழுப்பவும் கூடாது. ஆனால் தேதியைப் பாருங்கள். ஹெப்ரோனில் யூதர்கள் பல நூறாண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். கொலை நடந்தது பால்ஃபர் கடிதத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து. அந்த நாளிலும் யூத அயலாரை வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய அரபுக் குடும்பங்கள் உண்டு. இஸ்லாமிய ஆட்சிகளில் யூதர்கள் சமமாக நடத்தப்பட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. தலைவரி கட்டிய இரண்டாந்தரக் குடிகள்தான். ஆனால் இரண்டாந்தரக் குடியாக வைப்பது வேறு, ஊரோடு துடைத்தெறிவது வேறு.

1920களின் பாக்தாதில் நான்கு பேரில் ஒருவராவது யூதர். ஈராக்கின் முதல் நிதியமைச்சரானவர் சாசூன் எஸ்கெல் என்ற யூதர். இதற்கு நம் அடையாற்றிலேயே ஒரு சாட்சி கிடைக்கிறது. 1925 டிசம்பரில் பிரம்மஞான சபையின் பொன்விழா மாநாட்டுக்கு வந்த யூத உறுப்பினர்கள் எபிரேயப் பிரம்மஞானிகள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே யூத ஜெபாலயத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. அவர்களில் ஈராக்கின் பாஸ்ரா நகரத்தாரும் இருந்தார்கள். அந்த பாஸ்ரா பிரம்மஞானிகளைச் சமூகத்தைவிட்டு விலக்கிவைத்தது யார் தெரியுமா? பாக்தாதின் ரபிக்கள். ஓர் அரபு நகரத்து யூதர்களின் அன்றைய பெரிய தலைவலி, அடையாற்றின் தத்துவத்தை ஏற்கலாமா என்பதாக இருந்திருக்கிறது! பிறவிப் பகையில் வெந்துகொண்டிருக்கும் ஊரில் இப்படியொரு சண்டைக்கு நேரம் இருக்காது.

1922 கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர்; அதில் யூதர்கள் ஏறத்தாழ 84,000. 1924இல் அமெரிக்கா ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டுக் கிழக்கு ஐரோப்பியர்களுக்குக் கதவை அடைத்தது. 1933இல் ஹிட்லர் வந்தார். 1935இல் ஒரே ஆண்டில் 60,000க்கு மேற்பட்ட யூதர்கள் பாலஸ்தீனத்தில் வந்திறங்கினார்கள். 1936இல் அரபுக் கிளர்ச்சி வெடித்தது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் போதும், ஆபிரகாம் தேவைப்படமாட்டார். ஒரு பக்கம் வேறெங்கும் இறங்க முடியாமல் வந்தவர்கள். மறுபக்கம் தங்களைக் கேட்காமலே தங்கள் மண் பேசி முடிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள். இருவர் அச்சமும் நிஜம். அந்த அச்சத்தைத் தயாரித்தவர்கள் இருவருமே அல்லர்.

இனி தாம்பரத்துக்கு வருவோம். 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு நடந்தது. பாரிமுனையிலிருந்து கல்லூரி சேலையூர் காட்டுக்குக் குடிவந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. சுமார் 70 நாடுகளிலிருந்து 470 பேருக்கு மேல் வந்தார்கள். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலி வந்தவர்களில் ஒருவர். உண்மையில் மாநாடு சீனாவின் ஹாங்சௌவில் நடக்க வேண்டியது; ஜப்பான் படையெடுப்பால் இடம் தேடித் தாம்பரம் வந்தது. ஒரு வகையில் அந்த மாநாடே போரால் பெயர்க்கப்பட்டதுதான்.

தாம்பரம் 1938 என்றால் இன்று இறையியல் மாணவர்களுக்கு ஒரே விஷயம்தான் நினைவுக்கு வரும்: பிற மதங்களில் தெய்வ வெளிப்பாடு உண்டா என்பதில் ஹென்ட்ரிக் கிராமருக்கும் அதே கல்லூரியின் ஏ.ஜி.ஹாக்குக்கும் நடந்த வாதம். சென்னையின் செஞ்சையாவும் சக்கரையும் அதையொட்டி எழுதியவை இன்றும் படிக்கத் தகுந்தவை. ஆனால் அந்த டிசம்பரின் காலண்டரை எடுத்து முன்னும் பின்னும் புரட்டுங்கள். ஜூலையில் பிரான்ஸின் எவியன் ஊரில் 32 நாடுகள் கூடி, யூத அகதிகளுக்கு அனுதாபம் தெரிவித்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தவிர யாரும் இடம் தராமல் கலைந்தன. அவற்றில் பெரும்பாலானவை தங்களைக் கிறிஸ்தவ நாடுகள் என்று எண்ணிக்கொண்டவை. நவம்பர் 9 இரவு ஜெர்மனியெங்கும் ஜெபாலயங்கள் கொளுத்தப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். டிசம்பர் 2 அன்று முதல் தொகுதி யூதக் குழந்தைகள் இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கினார்கள். குழந்தைகளுக்கு அனுமதி உண்டு, பெற்றோருக்கு இல்லை. அந்தப் பெற்றோர்களில் மிகப் பலர் பிறகு தங்கள் பிள்ளைகளைப் பார்க்கவேயில்லை. பத்து நாள் கழித்துத் தாம்பரத்தில் மாநாடு தொடங்கியது.

மாநாட்டுக்கு வரும் வழியில் தலைவர் ஜான் மாட் முதலியோர் சேகாவ் போய் காந்தியைச் சந்தித்தார்கள். காந்தி நவம்பர் 26 ஹரிஜன் இதழில் யூதர்களைப் பற்றி எழுதியிருந்த நேரம் அது. யூதர்களைக் கிறிஸ்தவ உலகின் தீண்டப்படாதவர்களாக அவர் கண்டார். நோயின் இருப்பிடத்தைச் சரியாகத் தொட்ட பார்வை அது: வெறுப்பு பிறந்த வீடு கிறிஸ்தவ ஐரோப்பா. பாலஸ்தீனம் அரபியருடையது, அவர்கள்மீது யூதர்களைத் திணிப்பது அநீதி என்றும் சொன்னார். ஆனால் ஜெர்மனியிலேயே நின்று சத்தியாக்கிரகம் செய்யுங்கள் என்று யூதர்களுக்குச் சொன்ன யோசனை பெரும்பிழை. ஹிட்லரின் நாட்டில் சத்தியாக்கிரகியைப் பார்க்கச் சாட்சிகூட இருக்கமாட்டான். ஜெருசலேமிலிருந்து யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் 1939 பிப்ரவரியில் காந்திக்கு எழுதிய கடிதம் இதைத்தான் வேதனையோடு எடுத்துச்சொன்னது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தப் பூபரும், உடன் கடிதம் எழுதிய யூதா மாக்னஸும், அரபியரை ஆளும் யூத அரசைக் கேட்டவர்கள் அல்லர். இரு இனங்களும் சமமாகப் பங்குகொள்ளும் ஒரே நாடு என்பதற்காகத் தங்கள் சொந்த மக்களிடமே வசைவாங்கியவர்கள். நாலாயிரம் வருஷக் கதையில் இவர்களுக்கு எங்கே இடம்?

நம் தேசியத் தலைவர்களும் இதில் சுத்தமான கையோடு நிற்கவில்லை. யூத அகதிகளுக்கு இந்தியாவில் அடைக்கலம் தர நேரு தீர்மானம் கொண்டுவந்தபோது அதைக் கண்டு திகைத்துப்போனதாக சுபாஷ் போஸ் 1939 மார்ச்சில் நேருவுக்கே எழுதினார். போர் மூண்டதும் பிரிட்டிஷ் இந்திய அரசு, ஹிட்லரிடமிருந்து தப்பிவந்த யூதர்களையும் ஜெர்மானியர் என்று கணக்கிட்டு அகமத்நகர் முகாமில் அடைத்தது. 1983க்குப் பிறகு ராமேஸ்வரத்தில் இறங்கிய ஈழத்தமிழர்களை மண்டபம் முகாமில் பார்த்த நமக்கு, தப்பி வந்தவன் மீண்டும் முள்வேலிக்குள் போவது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஓர் எதிர்வாதம். வெறுப்பே இல்லாத கொச்சியிலிருந்து யூதர்கள் ஏன் இஸ்ரேல் போனார்கள்? அப்படியானால் அது ஆதிகால வேட்கைதானே? கேள்வி நியாயமானது. மட்டாஞ்சேரி ஏ.பி.சேலம் சென்னையில் படித்து வழக்கறிஞரானவர். பரதேசி ஜெபாலயத்தில் தம் பிரிவினருக்குச் சம இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து அங்கேயே சத்தியாக்கிரகம் செய்தவர். 1933இல் பாலஸ்தீனம் பார்த்துவந்த பிறகு சியோனியத்தை ஆதரித்தார். ஐம்பதுகளில் கொச்சி யூதர்கள் புறப்பட்டுப் போனதில் அவர் உழைப்பும் உண்டு. ஜெருசலேம் மீதான ஏக்கம் அவர்கள் ஜெபத்தில் எப்போதும் இருந்தது, உண்மை. ஆனால் அந்த ஏக்கம் ஆயிரம் ஆண்டு கேரளக் கரையில் இந்துவோடும் மாப்பிள்ளையோடும் நஸ்ராணியோடும் யாரையும் வெட்டாமல் வாழ்ந்தது. ஏக்கம் பகையல்ல. சேலம் தாம் போகாமல் கொச்சியிலேயே இருந்து 1967இல் அங்கேயே இறந்தார்.

ஆகவே சேலையூர் பக்கத்துப் பிரசங்கிகளிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஆதியாகமத்தைத் திறந்து இஸ்மவேலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், கிஷினேவின் ஈஸ்டரையும் 1905 அயலார் சட்டத்தையும் எவியன் மேசையையும் சபைக்குச் சொல்லுங்கள். 1939 மே மாதம், போருக்கு மூன்றரை மாதம் முன்பு, பாலஸ்தீனத்துக்கும் ஐந்தாண்டில் 75,000 பேர்தான் என்று பிரிட்டன் வரம்பு வைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வரம்பை எழுதியவர்கள் ஈசாக்கின் வம்சமும் இல்லை, இஸ்மவேலின் வம்சமும் இல்லை.